மழையில், மூடுபனியில் ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டிக் கருவி) வைத்து விமானத்தை இறக்குவது: ஆபத்து உண்மையில் எங்கே இருக்கு?

#1 தாம்பரம் சரவணன்

எல்லோருக்கும் வணக்கம். போன மழைக்காலத்தில் மும்பையிலிருந்து இரவு விமானத்தில் வந்தேன். சென்னையில் நல்ல மழை. கீழே வீட்டு விளக்கெல்லாம் மங்கலாத் தெரியுது, சக்கரம் இறங்கின சத்தமும் கேட்டாச்சு. திடீர்னு இன்ஜின் உறுமி மேலே தூக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் வட்டம், மறுபடி இறக்கம், மறுபடி மேலே. கடைசியில் பெங்களூரு. அங்கே விமானத்துக்குள்ளேயே நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தோம், குடிக்கத் தண்ணிகூட கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

என் சந்தேகம் இதுதான். டெல்லியில் 50 மீட்டர் தெரிஞ்சாலே கருவியை நம்பி இறக்குறாங்கன்னு ஒவ்வொரு ஜனவரியும் செய்தி வருது. சென்னையில் அன்னிக்கு அதைவிடப் பல மடங்கு தூரம் தெரிஞ்சிருக்கும். அப்புறம் ஏன் முடியலை? 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று ஒரு விமானம் ஓடுதளத்தைத் தொடுற மாதிரி வந்து ஒரு பக்கமாச் சாய்ஞ்சு மறுபடி ஏறின வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீங்க. கருவி இருந்துமா இந்தப் பாடு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 குரோம்பேட்டை கணேஷ்

பைலட்டுக்குப் பயம். வேற என்ன. முன்னாடியெல்லாம் இவ்ளோ கருவி கிடையாது, ஆனா இறக்கிட்டுத்தானே இருந்தாங்க.

#3 கோபுரம் (ஓய்வு)

கணேஷ், முன்னாடி இறக்கினார்கள்தான். மலையிலும் இறக்கினார்கள். 1971 டிசம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூர்ப் பக்கம் மேகமலையில் மோதி 21 பேர் போனார்கள். பகல் நேரம், பார்வைத் தெளிவு இல்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்க வேண்டாம்.

சரவணன் கேள்விக்கு வருகிறேன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன் நான். விமானம் ஓட்டியவன் இல்லை. அந்தப் பக்கத்தை ஓட்டுகிறவர்கள் சொல்லட்டும்.

ஐஎல்எஸ் என்பது தரையிலிருந்து வரும் இரண்டு ரேடியோக் கற்றைகள். லோக்கலைசர் ஆன்டெனா வரிசை ஓடுதளத்தின் மறுமுனைக்கு அப்பால் நிற்கும், இடமா வலமா என்று சொல்லும். கிளைட் ஸ்லோப் ஆன்டெனா ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில், இறங்கும் முனைக்கு அருகில் நிற்கும், மேலேயா கீழேயா என்று சொல்லும். இரண்டிலும் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலி அதிர்வுகளை ஏற்றி அனுப்புவோம். எந்தக் கோட்டில் இரண்டும் சமமாகக் கிடைக்கிறதோ அதுதான் வழி. சரிவு வழக்கமாக 3 டிகிரி. இதில் ஒரு வேடிக்கை: அதே சமநிலை 9 டிகிரி வாக்கில் இன்னொரு பொய்க் கோட்டிலும் கிடைக்கும். மேலிருந்து அவசரமாக இறங்கி வருகிறவர்கள் அதைப் பிடித்துவிட்டால் வம்பு. அதனால்தான் கிளைட் ஸ்லோப்பைக் கீழிருந்து போய்ப் பிடிக்க வேண்டும் என்று பாடம் சொல்வார்கள்.

ஐஎல்எஸ் விமானத்தை இறக்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட உயரம் வரை கூட்டிக்கொண்டு வரும், அவ்வளவே. இதில் கேட் (கேட்டகரி) என்று படிகள் உண்டு. கேட் 1 என்றால் தரையிலிருந்து 200 அடி வரை. ஓடுதளத்தில் 550 மீட்டராவது தெரிய வேண்டும். கேட் 2 என்றால் 100 அடி, 300 மீட்டர். கேட் 3-க்குப் போகும்போது அந்த உயரம் இன்னும் குறைந்து, இல்லாமலே போகலாம். டெல்லியில் இருப்பது கேட் 3-இன் ஒரு பிரிவான 3பி. அந்த 50 மீட்டர் கணக்கு அங்கிருந்து வருகிறது.

ஆனால் 3பி என்பது ஓர் இயந்திரத்தின் பெயர் இல்லை. விமானம் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும், இரண்டு பைலட்டும் சிமுலேட்டரில் அதற்கென்று பயிற்சி எடுத்திருக்க வேண்டும். ஓடுதளத்தில் நடுக்கோட்டு விளக்கு, தொடுமிடத்து விளக்கு, தொடக்கம், நடு, கடைசி மூன்றிலும் பார்வைத்தூரம் அளக்கும் கருவி, மின்சாரம் போனால் ஒரு நொடிக்குள் மாற்று மின்சாரம் எல்லாம் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தால் மொத்தமும் கீழ்ப்படிக்கு இறங்கிவிடும். 2023 டிசம்பர் கடைசியில் டெல்லி மூடுபனியில் ஏகப்பட்ட விமானங்கள் வேறு ஊருக்குத் திரும்பின. கேட் 3 பயிற்சி இல்லாத பைலட்டுகளை மூடுபனி நேரத்துக்குப் போட்டதுதான் ஒரு காரணம் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ இரண்டு நிறுவனங்களுக்குத் தலா 30 லட்சம் அபராதம் போட்டது.

சென்னையில் 3பி இல்லை. வருஷத்தில் சில காலைகள் மட்டும் வரும் மூடுபனிக்கு அவ்வளவு செலவு செய்ய யாருக்கும் மனசு வராது. ஆனால் சரவணன், அன்றைக்கு 3பி இருந்திருந்தாலும் உங்கள் விமானம் பெங்களூருக்குத்தான் போயிருக்கும். மூடுபனி அமைதியான வானிலை. காற்று அசையாது, அசைந்தால் பனியே நிற்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒரே மாதிரி இருக்கும், அளக்கலாம், அதற்குத் தயாராகலாம். மழை மேகம் அப்படியா? கோபுரத்தில் உட்கார்ந்து 2000 மீட்டர் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் 800 ஆகிவிடும். காற்று திசை மாறும். ஓடுதளத்தில் தண்ணீர் நிற்கும். என் கணக்கில் நம் நாட்டில் மூடுபனியைவிட மழைதான் பல மடங்கு மோசம்.

#4 தாம்பரம் சரவணன்

ஐயா, மிக்க நன்றி. அப்படின்னா அந்த 200 அடியில் என்ன நடக்குது? கீழே வந்தாச்சு, அப்புறம் கண்ணால் பார்க்கிறதுதானே?

#5 வலது இருக்கை

நான் இப்போதும் பறப்பவள், கோ-பைலட். நிறுவனம் எது, யார் என்று யாரும் கேட்க வேண்டாம்.

அந்த 200 அடியைப் பற்றிக் கேட்டீங்க. கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். 140 நாட் வேகத்தில் வருகிறோம் என்றால் நொடிக்கு 72 மீட்டர். 3 டிகிரி சரிவில் 200 அடி உயரத்தில் இருக்கும்போது ஓடுதளத்தின் முனை இன்னும் சுமார் 870 மீட்டர் முன்னால் இருக்கும். அனுமதிக்கப்பட்ட பார்வைத்தூரமோ 550. அதாவது சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும் நாளிலும் முடிவெடுக்கும் இடத்தில் ஓடுதளம் தெரியாது! தெரிவது அதற்கு முன்னால் 900 மீட்டர் நீளத்துக்கு நட்டிருக்கும் விளக்கு வரிசை மட்டும். முடிவெடுக்கும் உயரம் வந்துவிட்டது என்பதற்கு "மினிமம்ஸ்" என்று குரல் வரும். விளக்கு தெரிந்தால் தொடரலாம், தெரியாவிட்டால் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே. யோசிக்க நேரம் கிடையாது, யோசனையெல்லாம் மேலேயே முடித்திருக்க வேண்டும்.

தொடர்ந்தால் சக்கரம் தரையில் படப் பதினாறு பதினேழு நொடி. அதற்குள் கண் கருவியை விட்டு வெளியே வர வேண்டும். அவ்வளவு நேரம் ஒரு திரையில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த கண், திடீரென்று நனைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலைந்து விளக்கை வைத்துக்கொண்டு உயரம், சாய்வு, காற்று எல்லாவற்றையும் கணிக்க வேண்டும். கண்ணாடியில் மழை வழியும்போது ஒளி விலகும், இருக்கிற உயரத்தைவிட அதிகமாக இருப்பதாகத் தோன்றும். உடனே கை தானாக மூக்கை அழுத்தும். பனிக்குள் நுழையும்போது மூக்கு மேலே போவதுபோல ஒரு மயக்கம் வரும், அதற்கும் கை அழுத்தத்தான் செய்யும். விளக்கைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் சரிவுக்குக் கீழே முங்குவதற்கு எங்கள் பேச்சில் "டக் அண்டர்" என்று பெயர்.

அதனால்தான் ஒருவர் வெளியே பார்த்தாலும் இன்னொருவர் கடைசி வரை கருவியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இறங்கும் வேகம் கூடினால் கத்த வேண்டும். கத்தவும் தெரிய வேண்டும், அதைக் கேட்கவும் தெரிய வேண்டும். (இரண்டாவதுதான் கஷ்டம்.)

#6 குரோம்பேட்டை கணேஷ்

அதான் கம்ப்யூட்டரே இறக்குற ஆட்டோலேண்ட் இருக்கே மேடம். மனுஷக் கண்ணுதான் ஏமாறுது, கம்ப்யூட்டர் ஏமாறாதில்ல? எல்லா நாளும் அதுலயே இறக்கிட வேண்டியதுதானே.

#7 வலது இருக்கை

ஆட்டோலேண்டுக்குக் காற்று எல்லை உண்டு. ஏ320-இல் எதிர்க்காற்று 30 நாட், பக்கக்காற்று 20, பின்காற்று 10. அதற்கு மேல் போனால் கையால் இறக்குவதற்கு அனுமதி இருக்கலாம், கணினிக்கு இல்லை. புயல் நாளில் ஓட்டத் தெரிந்த மனிதர்தான் வேண்டும். சரவணன் சொன்ன வீடியோவில் பார்த்தது அதைத்தான். தரைக்கு மிக அருகில் விமானம் சாய்ந்ததும், இது வேண்டாம் என்று மேலே போய்விட்டார்கள். நிறையப் பேர் அதைத் "தப்பித்த விபத்து" என்று பகிர்ந்தார்கள். எனக்கு அது சரியான நேரத்தில் எடுத்த முடிவாகத்தான் தெரிந்தது.

கம்ப்யூட்டர் ஏமாறாது என்பதும் சரியில்லை. 2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாம். துருக்கி விமானம், போயிங் 737-800, ஐஎல்எஸ் அணுகுமுறை, தாழ்ந்த மேகம். தரையிலிருந்து உயரத்தை அளக்கும் இடது ரேடியோ ஆல்டிமீட்டர் பழுதாகி மைனஸ் 8 அடி என்று காட்டியது. தரைக்கு வந்துவிட்டோம் போல என்று, விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ திராட்டில் இன்ஜின் விசையைக் குறைத்துவிட்டது. கிளைட் ஸ்லோப்பை மேலிருந்து பிடித்ததால் விசை எப்படியும் குறையத்தான் வேண்டும், அதனால் மூன்று பைலட்டுக்கும் அது தவறாகத் தெரியவில்லை. வேகம் விழுந்துகொண்டே போனதைக் கவனிக்கும்போது நேரம் போய்விட்டது. 9 பேர் இறந்தார்கள். பொய்க் கோட்டைப் பற்றிக் கோபுரம் ஐயா சொன்னாரே, இது பொய்க் கோடு இல்லை, ஆனால் மேலிருந்து பிடிப்பதில் இருக்கும் இன்னொரு ஆபத்து.

#8 கோபுரம் (ஓய்வு)

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று. லோக்கலைசர் கற்றையை எதிரே நிற்கிற, பறக்கிற விமானங்களே வளைத்துவிடும். அதனால்தான் மூடுபனி நாளில் ஆன்டெனாவுக்கு முன்னால் ஒரு பகுதியை முழுக்கக் காலியாக வைத்திருப்போம், விமானங்களுக்கு இடையே தூரத்தையும் கூட்டுவோம். டெல்லியில் பனி நாளில் தாமதம் ஏறுவதில் பாதி இதனால். 2011 நவம்பர் 3, மியூனிக். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 777 ஆட்டோலேண்டில் இறங்குகிறது. வானிலை கேட் 1 அளவுக்கு நன்றாக இருந்ததால் அந்தப் பாதுகாப்புப் பகுதி அமலில் இல்லை. முன்னால் புறப்பட்ட ஒரு சின்ன விமானம் கற்றைக்குள் வர, கோடு வளைந்தது, ஆட்டோபைலட்டும் விசுவாசமாக வளைந்தது. 777 ஓடுதளத்தை விட்டுப் புல்வெளிக்குள் போய் மறுபடி ஓடுதளத்தைக் கடந்து நின்றது. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கணேஷ் சொல்கிற "எல்லா நாளும் அதுலயே" என்பதில் உள்ள சிக்கல் இது.

#9 நீர்வேலியான்

வணக்கம் அண்ணையாக்கள். இஞ்ச எங்கட இலங்கையிலயும் ரெண்டு பெரிய கதை இருக்கு, ஒருத்தரும் சொல்லேல்லை எண்டதால எழுதுறன். ரெண்டும் இந்தோனேசியாவில இருந்து ஹஜ் பயணம் போன சனம்.

1974 டிசம்பர் 4. மார்ட்டின்எயார் டிசி-8. சுரபாயாவில இருந்து ஜெத்தா போறதுக்கு இடையில கொழும்புக்கு இறங்க வந்தது. தாங்கள் நிக்கிற இடத்தை விட கட்டுநாயக்காவுக்குக் கிட்ட வந்திட்டம் எண்டு நினைச்சு இறங்கத் துவங்கி, மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னி மலையில மோதி 191 பேரும் செத்தவை. அந்த விமானத்தின்ர ஒரு சில்லு (டயர்) இப்பவும் நோர்ட்டன் பிறிட்ஜில வச்சிருக்கு. எங்கட நாட்டில நடந்ததிலேயே பெரிய விமான விபத்து அதுதான்.

மற்றது 1978 நவம்பர் 15, இரவு. ஐஸ்லாந்துக் கொம்பனி ஒண்டின்ர டிசி-8, இந்தமுறை ஜெத்தாவில இருந்து திரும்பி வந்த சனம். கட்டுநாயக்காவுக்கு ஐஎல்எஸ் அணுகுமுறை, மழை வானம். ஓடுபாதைக்கு முன்னால தென்னந்தோட்டத்துக்குள்ள விழுந்தது. 262 பேரில 183 பேர் செத்தவை. இதில எனக்கு இண்டைக்கும் விளங்காதது, இலங்கை விசாரணை விமானிகள் ஒழுங்கான நடைமுறையைப் பின்பற்றேல்லை எண்டு சொன்னது, ஐஸ்லாந்துக்காரர் தரையில இருந்த ஐஎல்எஸ் தான் பிழை, அதுதான் கீழ கொண்டுபோனது எண்டு சொன்னவை. கோபுரம் ஐயா, கருவி அப்பிடிப் பிழையா வழிகாட்டுமோ? அப்பிடியெண்டால் விமானிக்கு எப்பிடித் தெரியும்?

#10 கோபுரம் (ஓய்வு)

தம்பி, அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. பொதுவாகச் சொல்கிறேன். ஐஎல்எஸ் பக்கத்திலேயே அதைக் கண்காணிக்கும் மானிட்டர் இருக்கும், கோடு எல்லை மீறினால் தானே அணைந்துவிடும். அளவுக்கருவிகள் ஏற்றிய விமானம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வந்து பறந்து சரிபார்த்துவிட்டுப் போகும். பைலட்டுக்கு இருக்கும் கைக்கணக்கு தூரமும் உயரமும்தான். 3 டிகிரி சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 320 அடி. 4 மைலில் 1300 அடி வாக்கில் இருக்க வேண்டியவன் 800-இல் இருந்தால் கோடு நடுவில் நின்றாலும் நம்பக் கூடாது.

கருவி பாதி மட்டும் இருக்கும் நாள் இன்னும் மோசம். 1997 ஆகஸ்ட் 6, குவாம். கொரியன் ஏர் 747, நல்ல மழை, நள்ளிரவு தாண்டிய நேரம். கிளைட் ஸ்லோப் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது, அதை முன்பே அறிவித்தும் இருந்தார்கள். லோக்கலைசர் மட்டும் வைத்துப் படிப்படியாக இறங்க வேண்டும். ஆனால் காக்பிட்டில் கிளைட் ஸ்லோப் வேலை செய்கிறதா இல்லையா என்ற பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. தூரம் காட்டும் டிஎம்இ ஓடுதளத்தில் இல்லை, அதற்கு 3.3 கடல் மைல் முன்னால் நிமிட்ஸ் குன்றில் இருந்தது. விமானம் அந்தக் குன்றிலேயே மோதியது. 228 பேர் போனார்கள். தரையில் இருக்கும் ரேடார் எச்சரிக்கையும் அடிக்கடி வீண் எச்சரிக்கை கொடுக்கிறது என்று முடக்கி வைக்கப்பட்டிருந்தது. கேப்டன் களைப்பாக இருந்ததும் அறிக்கையில் இருக்கிறது.

#11 கூடலூர் நஸ்ரின்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வளைகுடா போக வர கரிப்பூர்தான் (கோழிக்கோடு விமான நிலையம்) பக்கம். அதனால் கோழிக்கோடு விபத்தைப் பற்றி யாராவது பேசுவீங்கன்னு காத்திருந்தேன். 2020 ஆகஸ்ட் 7, கொரோனா நேரம், வெளிநாட்டில் மாட்டினவங்களைக் கூட்டிட்டு வர விட்ட வந்தே பாரத் விமானம், துபாயிலிருந்து வந்தது. கொட்டுற மழை. 190 பேரில் 21 பேர் போனாங்க. கொண்டோட்டிப் பக்கத்து மக்கள் நோய்க்குப் பயப்படாம ஓடிப்போய்த் தூக்கினாங்க, அதை நான் மறக்கவே மாட்டேன்.

அறிக்கை வந்ததும் டிவியில் எல்லோரும் "பைலட் தப்பு" என்று ஒரு வரியில் முடிச்சிட்டாங்க. இறந்துபோனவர் மேல போட்டா யாருக்கும் கஷ்டம் இல்லை பாருங்க. விமானப் படையில் இருந்த அனுபவசாலி அவர். அவருக்கு மட்டும் தெரியாதா மழையில் எப்படி இறக்கணும்னு?

#12 வலது இருக்கை

நஸ்ரின் அக்கா, அந்த அறிக்கையை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை படித்திருக்கிறேன். எங்கள் பயிற்சி வகுப்பில் அது வராத வருஷம் இல்லை.

முதல் முயற்சி ஓடுதளம் 28-க்கு. தெரியவில்லை, மேலே போய்விட்டார்கள். அது வரைக்கும் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. பிறகு எதிர் முனையான 10-க்கு ஐஎல்எஸ் வைத்து வந்தார்கள், அதில் பின்காற்று. கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. சுமார் 500 அடியில் ஆட்டோபைலட்டை எடுத்த பிறகு இறங்கும் வேகம் நிமிஷத்துக்கு 1500 அடி வரை போனது, சரிவை விட்டு விலகியது. 2700 மீட்டர் ஓடுதளத்தில் சக்கரம் பட்டது ஏறத்தாழ 1350-ஆவது மீட்டரில். பாதி ஓடுதளம் பின்னாலேயே போய்விட்டது. நனைந்த தரை, பின்காற்று, முடிவில் பள்ளம். கோ-பைலட் கோ-அரவுண்ட் என்று சொல்லியிருக்கிறார். அது நடக்கவில்லை. அவர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவும் இல்லை. என் இருக்கையில் உட்காருகிற யாருக்கும் அந்தப் பத்தி தூக்கத்தைக் கெடுக்கும்.

காரணம் என்று விதிமுறையை மீறிய பைலட்டைத்தான் அறிக்கை சொல்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. அதே கேப்டனுக்கு மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து இன்னொரு விமானம் போட்டிருந்தார்கள். அந்த ஊரில் போதுமான கேப்டன்களை வைக்காத நிர்வாக முடிவு இதில் சேர்ந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. கோயம்புத்தூருக்கோ வேறெங்கோ திரும்பியிருந்தால் மறுநாள் காலை விமானம் என்ன ஆகும் என்ற கவலை ஓரத்தில் இருந்திருக்கலாம். "தெரியாதா" என்று கேட்டீங்க. தெரியும். தெரிந்தவருக்குத்தான் இது நடக்கும். புதுப் பைலட் முதல் பயத்திலேயே மேலே போயிருப்பார்.

#13 குரோம்பேட்டை கணேஷ்

இப்போ புரியுது. அப்போ ரூல் ஒண்ணு போடுங்க. தெரியலையா, மேலே போ. எத்தனை தடவை வேணா போ. பிரச்சினை முடிஞ்சது.

#14 வலது இருக்கை

அந்த விதி இருக்கு. 1000 அடிக்கு வரும்போது வேகம், சரிவு, இறங்கும் வேகம், ஃபிளாப், சக்கரம் எல்லாம் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் மேலே போ. பார்வைத்தூரம் எல்லைக்குக் கீழே என்று கோபுரம் சொன்னால் 1000 அடிக்குக் கீழே வராதே. கோ-அரவுண்ட் செய்ததற்காக யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்கு. எழுத்தில் இருப்பதும் டியூட்டி நேரம் முடியப்போகும் இரவில் மனசில் ஓடுவதும் வேறு வேறு.

"எத்தனை தடவை வேணா" என்பதற்கு 2015 ஆகஸ்ட் 18. தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் 737. கொச்சியில் மூன்று தடவை முயன்று முடியவில்லை. திருவனந்தபுரம் போனார்கள். அங்கேயும் மூன்று தடவை முடியவில்லை. நாலாவதில், மொத்தத்தில் ஏழாவதில், இறங்கினார்கள். இறங்கும்போது மேடே (உயிராபத்து அழைப்பு) அறிவித்தாயிற்று, டாங்கியில் மீதி 349 கிலோ. அது சில நிமிடப் பறப்புக்குத்தான் வரும். அதாவது கடைசி முயற்சியில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இறங்கியே ஆக வேண்டிய நிலை. இரண்டாவது முறைக்குப் பிறகே, எண்ணெய் இருக்கும்போதே, வானம் தெளிவாக இருக்கும் ஊருக்குத் திரும்பியிருந்தால் அது செய்தியே ஆகியிருக்காது. சரவணன், உங்கள் விமானம் பெங்களூரு போனதன் அர்த்தம் இது. தண்ணீர் தராதது வேறு விஷயம், அதற்கு நீங்கள் கோபப்படலாம்.

மேலே போவதும் இலவசம் இல்லை. 2016 மார்ச் 19, ரஷ்யாவின் ரோஸ்தோவ். ஃபிளைதுபாய் 737. காற்று வெட்டு (காற்றின் வேகமும் திசையும் திடீரென்று மாறுவது) எச்சரிக்கை வந்து முதல் தடவை சரியாக மேலே போனார்கள். இரண்டு மணி நேரம் போல வட்டமிட்டுக் காத்திருந்தார்கள். விடிவதற்கு முன் இரண்டாவது முயற்சி, மறுபடி கோ-அரவுண்ட். முழு விசையில் கனம் குறைந்த விமானம் எகிறும்போது, இருட்டில், உள்காது மூக்கு வானத்தைப் பார்ப்பதாகப் பொய் சொல்லும். மூக்கை அழுத்தினார்கள். 62 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை.

#15 வேளச்சேரி ராம்

இவ்வளவு பேசியும் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் விபத்து வரலையே. 2010 ஏப்ரல் 10, போலந்து அதிபர் லேக் கசின்ஸ்கி உட்பட 96 பேர் இறந்தார்கள். அங்கே ஐஎல்எஸ்ஸே கிடையாது, மூடுபனியோ அடர்த்தி. 100 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது என்ற இடத்தில் வந்தார்கள். நேவிகேட்டர் வாசித்தது ரேடியோ ஆல்டிமீட்டர் உயரத்தை. ஓடுதளத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தாக்கு இருந்ததால் அது இன்னும் உயரமாக இருப்பதாகக் காட்டியது. "புல் அப்" என்று இயந்திரம் கத்தியும் நேரத்துக்கு மேலே போகவில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவர் அதிபர், விழாவுக்கு நேரம் ஆகிறது. அந்த அழுத்தம் எவ்வளவு என்பதில் ரஷ்ய அறிக்கைக்கும் போலந்து அறிக்கைக்கும் இன்று வரை ஒத்துப்போகவில்லை. சதி என்று சொல்கிற கூட்டம் தனி, அதை இங்கே இழுக்க வேண்டாம் என்று மட்டுறுத்துநர் வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

#16 நீர்வேலியான்

இப்ப எல்லாத்துக்கும் ஜிபிஎஸ் வந்திட்டுதெல்லோ. யாழ்ப்பாணத்துப் பலாலி மாதிரி சின்ன இடங்களுக்கு ஐஎல்எஸ் பூட்டிக் காசு செலவழிக்காமல் அதிலயே வரலாம்தானே? மலையும் தெரியும், தூரமும் தெரியும்.

#17 கோபுரம் (ஓய்வு)

வரலாம், பல இடங்களில் வருகிறார்கள். குவாம் மாதிரிப் படிக்கட்டு இறக்கத்தைவிட நூறு மடங்கு நல்லது. ஆனால் அதில் ஒரு வகை, உயரத்தைக் காற்றழுத்தத்திலிருந்து எடுக்கிறது. நாங்கள் சொல்லும் க்யூஎன்ஹெச் எண் (அந்த இடத்துக் காற்றழுத்தம்) தவறினால் சரிவுக் கோடு மொத்தமும் அப்படியே கீழே இறங்கிவிடும், திரையிலோ எல்லாம் அழகாக நடுவில் நிற்கும். 2022 மே 23, பாரிஸ் சார்ல் த கோல். மழை. 1001 என்று சொல்ல வேண்டிய இடத்தில் கட்டுப்பாட்டாளர் 1011 என்று சொல்லிவிட்டார். 10 எண் வித்தியாசம், கிட்டத்தட்ட 280 அடி. ஓடுதளத்துக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் அந்த ஏ320 தரையிலிருந்து 6 அடி உயரத்துக்கு வந்துவிட்டு மேலே ஏறியது. விமானத்தில் இருந்த தரை எச்சரிக்கை வாயே திறக்கவில்லை. ஐஎல்எஸ் ஆக இருந்தால் அந்த எண் தவறினாலும் கற்றை இடம் மாறாது.

ஒரு எண்ணை வாயால் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லி, நாம் கேட்டு உறுதி செய்வது. இத்தனை வருஷம் செய்த வேலை அதுதான். அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்குக் கை கொஞ்சம் சில்லிட்டது.

#18 கூடலூர் நஸ்ரின்

கோ-பைலட் தங்கச்சிக்கு நன்றி. கரிப்பூரில் அப்புறம் பெரிய விமானங்களை நிறுத்திட்டாங்க, ஓடுதள முனையில் பாதுகாப்பு நீளத்தைக் கூட்டுற வேலையும் எடுத்தாங்க. ஹஜ் சமயத்தில் எங்க ஆட்களுக்கு அது கஷ்டம்தான். ஆனாலும் சரின்னு தோணுது. உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். நீங்க அந்த இடத்தில் இருந்தா, கேப்டன் கேட்காட்டி கையை வெச்சு எடுப்பீங்களா?

#19 வலது இருக்கை

சிமுலேட்டரில் எடுத்திருக்கிறேன் அக்கா. இரண்டு தடவை சொல்ல வேண்டும், பதில் இல்லையென்றால் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று எடுக்க வேண்டும், இதுதான் பயிற்சி. சிமுலேட்டரில் இடது பக்கம் இருப்பவருக்கும் நான் எடுப்பேன் என்று தெரியும். நிஜத்தில் இடது பக்கம் இருப்பவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், முந்தின நொடி வரை எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர். அதனால் நான் பறப்பதற்கு முன்பே, பிரீஃபிங்கிலேயே, "சார், மழை இருக்கு, இரண்டு அப்ரோச், அப்புறம் டைவர்ட், சரியா?" என்று வாயால் ஒரு சம்மதம் வாங்கிவிடுவேன். மேலே வைத்துக் கேட்பதைவிடத் தரையில் வைத்துக் கேட்பது சுலபம். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. ஒருவர் மட்டும் "மூன்று" என்றார், பேரம் பேசி இரண்டாக்கினேன்.

#20 தாம்பரம் சரவணன்

இவ்வளவு விவரம் கிடைக்கும்னு நினைக்கலை. கடைசியா ஒரு நடைமுறைக் கேள்வி. பொங்கலுக்கு அப்பா அம்மாவை டெல்லியிலிருந்து கூட்டிட்டு வரணும். போகி அன்னிக்குக் காலை 6 மணி விமானம் மலிவா இருக்கு. போடலாமா?

#21 கோபுரம் (ஓய்வு)

இரண்டு முனையிலும் மாட்டுவீர்கள். டெல்லியில் ஜனவரிப் பனி, இங்கே போகிப் புகை. அதிகாலையில் காற்று அசையாமல், கீழே குளிர்ந்து மேலே சூடாக இருக்கும் படலத்துக்கு அடியில் பழைய பாயும் டயரும் எரிந்த புகை அப்படியே மீனம்பாக்கத்தில் உட்கார்ந்துவிடும். வெயில் ஏறினால்தான் கலையும். மதிய விமானமாகப் போடுங்கள், ஆயிரம் ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை.

#22 குரோம்பேட்டை கணேஷ்

எங்க தெருவுல இந்த வருஷம் டயர் எரிக்க விடமாட்டேன் சார். பாய்க்கு உத்தரவாதம் இல்லை.